குடை, கோப்பை, அம்புக்குறி

கல்யாண வீடு என்றால் ஆயிரம் வேலை கிடக்கும். செல்லத்தாய்க்கு மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு வேலைதான். கட்டின புருஷனை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

மற்றதையெல்லாம் அவள் தனி ஆளாக நின்று முடித்திருந்தாள். மண்டபம் பேசியாயிற்று, சேலை எடுத்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. பத்திரிகையும் அச்சாகி, முந்நூறு சந்தனக் கலர் உறைகளோடு வந்து மேசையில் குந்தியிருந்தது. மகள் பானுப்ரியாவுக்கு ஆனி பதினைந்தில் முகூர்த்தம். இடையில் இருப்பது மூன்று வாரம். ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டிய மனுஷனோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடக்கிறார்.

வன்னியபெருமாளுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். கால் பரவாயில்லை, இழுத்து இழுத்து நடப்பார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சு குழறினாலும் பொறுமையாகக் கேட்டால் புரியும். வலது கைதான் மோசம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அடுக்கும் ஓர் ஏற்றுமதிக் கிட்டங்கியில் முப்பது வருஷம் மார்க்கு போட்ட கை அது. மிளகாய் வற்றலோ நிலவாகை இலையோ எது கப்பல் ஏறினாலும், இது இன்னாருக்குப் போகிற சரக்கு என்று மூட்டையிலும் மரப்பெட்டியிலும் அடையாளம் போடுகிறவர் அவர். இப்போது அந்தக் கைக்கு ஒரு பேனா பிடிக்க வராது.

"நீயும் பானுவும் போய் வச்சிட்டு வாங்க" என்பார். எட்டு மாதத்தில் அவர் திருத்தமாகப் பேசக் கற்றுக்கொண்ட வாக்கியம் இது ஒன்றுதான்.

"பொண்ணப் பெத்த மனுசன் கல்லாட்டம் வீட்டுல இருக்கையில நான் மட்டும் போய் வாசல்ல நின்னா நாலு பேரு என்ன கேப்பாவ?" என்பாள் செல்லத்தாய்.

அவர் அந்த வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதுதான் பதில். செல்லத்தாய்க்கு அது புரியாமல் இல்லை. பத்திரிகை வைப்பதென்றால் வீட்டுக்குப் பெரியவர் தன் கையால் உறையில் பேர் எழுதி, தன் வலக்கையால் கொடுக்க வேண்டும். இடக்கையால் நீட்டுவதற்கு 'நீ வரவேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அதிலும் உடன்குடியில் ஒருத்தர் இருக்கிறாரே, சுடலைக்கண்ணன், வன்னியபெருமாளின் அக்காள் வீட்டுக்காரர். கருப்பட்டி வியாபாரம். முறை என்று வந்துவிட்டால் தெய்வத்துக்கே தள்ளுபடி தராத ஆள். தன் கூடப்பிறந்த தம்பி போனில் பத்திரிகை அனுப்பினான் என்று ஆறு வருஷமாக அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே இடக்கையால் நீட்டிய ஒரு பையனின் சட்டைப் பையிலேயே பத்திரிகையைத் திருப்பிச் செருகி அனுப்பினார். அவர் வராவிட்டால் அந்தப் பக்கத்து நாற்பது குடும்பமும் வராது. அத்தையும் மாமாவும் மேடையில் நிற்காத கல்யாணமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் செல்லத்தாய் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? ஆனால் அவளுக்கு உண்மையில் பயம் அதுகூட இல்லை. மகள் கல்யாணத்துக்கே எழுந்து வெளியே போகாத மனுஷன், அப்புறம் எதற்காக எழுந்து போவார்?

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, தினமும் நூறு தரம் அமுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வன்னியபெருமாள் அதை இடக்கையால் எடுத்து ஜன்னல் வழியாக முத்தையாபுரம் மெயின் ரோட்டுக்கே அனுப்பிவைத்தார். "பந்தா வெளையாடுதேன் நான்?" என்றார். இடக்கை மட்டும் நல்ல பலமாகத்தான் இருந்தது.

மறுநாள் செல்லத்தாய் கோபத்தில் பரணைச் சுத்தம் செய்தாள். கோபம் வந்தால் அவள் ஏதாவது ஒன்றைச் சுத்தம் செய்வாள். அந்த எட்டு மாதமாக வீடு பளிச்சென்று இருந்ததற்குக் காரணம் அதுதான். பரணில் ஓர் அரிசிச் சாக்கு கிடந்தது. அவர் விழுந்த பிறகு கிட்டங்கிப் பையன்கள் அவர் சாமான்களைக் கட்டிக் கொண்டுவந்து போட்டது. அவிழ்த்தால் ஒரு டஜன் மார்க்கர் பேனா, ஒரு கருப்பு மைப்பெட்டி, மூன்று பெரிய ரப்பர் ஸ்டாம்புகள். ஒன்றில் குடை: நனையக் கூடாது என்று அர்த்தம். ஒன்றில் காலும் தட்டும் வைத்த கோப்பை: உடையும் சாமான், பார்த்து இறக்கு. மூன்றாவதில் ஒரு கோட்டின் மேல் இரண்டு அம்புக்குறி: இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். பம்பரக்கட்டை மாதிரி தடித்த மரப்பிடி மூன்றுக்கும்.

துடைத்து வைக்கலாம் என்று அவள் அவற்றைக் கட்டிலில் வைத்துவிட்டுத் துணி எடுத்து வருவதற்குள், வன்னியபெருமாளின் வலது கை கோப்பை ஸ்டாம்பின் பிடியைப் பற்றியிருந்தது. விரல்கள் அவரைக் கேட்காமலே மடங்கியிருந்தன. பேனா பிடிக்க விரல் நுனி வேண்டும். இதற்கு முஷ்டி போதும். அவர் மைப்பெட்டியைத் திறந்து, ஸ்டாம்பை அதில் ஒற்றி, மேசையில் இருந்த முதல் உறையில் வைத்து அமுக்கப் போனார்.

செல்லத்தாய் பாய்ந்து வந்து உறையைப் பிடுங்கினாள். "ஏங்க, புத்தி கெட்டா போச்சு? கல்யாண உறையில யாராச்சும் கருப்பா வைப்பாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். ஸ்டாம்பைக் கீழே வைக்கவில்லை. அதைத்தான் அவள் கவனித்தாள். சட்டென்று குரலை இறக்கி, "கலரா வைக்கலாமே" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பிடி நழுவிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கலருக்குத்தான் ஒரு டஜன் மார்க்கர் இருக்கிறதே. சிவப்பு, பச்சை, நீலம். மரப்பெட்டியில் எழுதினால் மழையில் நனைந்து, உப்புக் காற்றில் காய்ந்து, வேறு தேசத்தில் போய் இறங்கினாலும் அழியாத மை. இதைவிட உசத்தியான மை உலகத்திலேயே கிடையாது என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். பால் தூக்கு, ரேஷன் பை, பானுவின் பள்ளிக்கூடச் செருப்பு எல்லாவற்றிலும் அந்த மையால்தான் பேர் எழுதியிருந்தார்கள். ஆகவே கோப்பையின் ரப்பரில் சிவப்பு மார்க்கரைப் பூசி உறையில் வைத்தார்கள். ஒன்றும் விழவில்லை. இன்னும் பூசி இன்னும் அமுக்கினார்கள். செல்லத்தாய் தன் இரண்டு கையையும் அவர் கை மேல் வைத்து மேசைக்கால் ஆடும்படி அமுக்கினாள். உறை கல்லுளிமங்கனாட்டம் வெறுமையாகவே இருந்தது. ரப்பரில் மட்டும் சிவப்பு அப்பிக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில் பானு வந்தாள். எல்.கே.ஜி டீச்சர். பெற்றோர் இருவரும் ஒரு ஸ்டாம்பின் மேல் ஏறி நிற்காத குறையாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, அது வச்ச மறுநிமிசமே காயுத மை. பேப்பருக்கு வாரதுக்குள்ள ரப்பர்லயே காஞ்சிருது. தண்ணி மைதான் வேணும். எங்க வகுப்புப் பிள்ளைங்க வரையுதுல்ல, அந்த ஸ்கெட்ச் பேனா."

ஊசி போட வாங்கிய ஸ்பிரிட்டைத் தொட்டு ஸ்டாம்பைத் துடைத்து எடுக்கவே அன்றைய பொழுது போயிற்று.

மறுநாள் பானு இருபத்துநான்கு கலர் ஸ்கெட்ச் பேனாக்களோடு வந்தாள். மைப்பெட்டியில் ஒற்றினால் ஸ்டாம்பு முழுக்க ஒரே நிறம். பேனாவால் ரப்பரிலேயே தீட்டினால் எங்கே வேண்டுமோ அங்கே வேண்டிய நிறம். கோப்பையின் கிண்ணத்துக்கு மஞ்சள், காலுக்குச் செம்பழுப்பு என்று அவள் தீட்டிக் கொடுத்தாள். வன்னியபெருமாள் வலக்கை முஷ்டியில் பிடித்து, இடக்கையால் தாங்கி, மெதுவாக உறைக்குக் கொண்டுவந்தார். அவர் கை வந்து சேர நேரம் பிடித்தது. வைகாசி மேல்காற்று ஜன்னல் வழியாகச் சுழற்றி அடித்தது. விழுந்தது நாலு மஞ்சள் புள்ளி.

"காஞ்சிட்டு" என்றாள் பானு, முகம் வாடி. "கை கொஞ்சம் வெரசா வந்தா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செல்லத்தாய் ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். மூன்று பேரும் வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். ஸ்டாம்பை எறிந்துவிட்டு அவர் படுத்துவிடுவாரோ என்று அவள் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

அவர் எறியவில்லை. ஸ்டாம்பை வாய்க்கு நேரே தூக்கி, "ஹா" என்று ஊதினார். கோணல் வாயில் காற்று ஒரு பக்கமாகப் போயிற்று. ஸ்டாம்பை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி, "ஹா." வாய்ச் சூட்டில் காய்ந்த மை ஈரம் பிடித்துப் பளபளத்தது. உறையில் வைத்து அமுக்கினார். எடுத்தால், மஞ்சள் கிண்ணமும் செம்பழுப்புக் காலுமாக அது அச்சு அசல் குத்துவிளக்கு. பானு ஆரஞ்சுப் பேனாவால் நுனியில் ஒரு பொட்டு வைத்தாள். விளக்கு எரிந்தது.

"கிட்டங்கில... மை காஞ்சா... இப்பிடித்தான்" என்றார் வன்னியபெருமாள்.

பேச்சு வருவதற்காக நாளைக்கு இருபது தரம் இதே 'ஹா'வை ஊதச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் கெஞ்சினார்கள். அப்போது மாட்டேன் என்று முறைத்தவர் அன்று அறுபது தரம் ஊதினார். செல்லத்தாய் எண்ணிக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருப்பதெல்லாம் லேசுப்பட்ட காரியம் இல்லை.

அதற்குப் பிறகு அந்த மேசை அவர் கைக்குப் போய்விட்டது. அம்புக்குறியில் தலைக்கு மட்டும் இடக்கையால் பச்சை தீட்டி, நுனியில் மஞ்சள் தொட்டு, தலைகீழாக வரிசையாக வைத்தார், மாவிலைத் தோரணம். அதையே நேராகப் பிடித்து, ஓர் அம்புக்கு மட்டும் தண்டில் பழுப்பும் தலையில் கரும்பச்சையும் கொடுத்தால் ஒற்றைப் பனை. மறுபடி தீட்டாமல் மிச்ச மையிலேயே இன்னொரு தரம் வைத்தால் வெளிறி விழும்; அது தூரத்துப் பனை. குடையைத் தலைகீழாக வைத்தால் கைப்பிடி பாய்மரமாகித் தோணி வந்தது. துணி தேய்க்கிற தண்ணீர்ப் புட்டியால் ரப்பரில் லேசாகத் தெளித்து வைத்தபோது நீலமும் பச்சையும் கலந்து தோணிக்குக் கீழே கடல் ஓடியது. குடையின் கம்பியை விட்டுவிட்டு மேற்பாகத்தை மட்டும் வெளிர்நீலத்தில் நாலு தரம் வைத்தார்.

"இது என்னது, காளானா?" என்றாள் செல்லத்தாய்.

"உப்பு... அம்பாரம். உப்பளத்துக்காரரு... வீட்டுக்கு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மனுஷன் சும்மா அலங்காரம் பண்ணவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். மாலத்தீவுக்குத் தோணி விடுகிற காயல்பட்டினத்து அஹமது கபீர் முதலாளிக்குத் தோணி. டீக்கடை அண்ணாச்சிக்குக் கோப்பையே கோப்பை.

"எல்லாம் சரிதான்ப்பா" என்றாள் பானு, தயங்கித் தயங்கி. "பேரு எழுத வேண்டாமா? நான் எழுதித் தாரேன்."

"வேண்டாம்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "லோடு ஏத்துதவன் எவன்... பேரு படிச்சான்? மார்க்கு பாத்துத்தான ஏத்துனான். முப்பது வருசம்... ஒரு மூட்ட... மாறல."

இவ்வளவு நீளமாக அவர் பேசி எட்டு மாதமாகிவிட்டது. செல்லத்தாய் அடுக்களைக்குப் போய், இல்லாத பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை காலையில் வன்னியபெருமாள் வெள்ளை வேட்டி கேட்டார்.

"மொதல்ல பக்கத்துத் தெருவுல நாலு வீடு வைப்போம்" என்றாள் செல்லத்தாய். தெரிந்தவர்கள், இடக்கையால் கொடுத்தாலும் முகம் சுளிக்காதவர்கள். கொஞ்சம் பழகட்டுமே என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"மொதல்ல அத்தான்" என்றார் அவர்.

வாடகைக் காரில் திருச்செந்தூர் தாண்டி உடன்குடி போய்ச் சேரும்வரை செல்லத்தாய் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். பேர் எழுதாத உறை ஒரு குற்றம். வலக்கை தவறினால் இரண்டாவது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டால், இவர் திரும்ப வந்து படுக்கிற கட்டிலை விட்டு இனி எழுந்திருக்க மாட்டார்.

சுடலைக்கண்ணன் கடையை ஒட்டிய வீட்டில், மேல்சட்டை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வன்னியபெருமாளின் அக்காள் ஓடிவந்து தம்பியின் கன்னத்தைத் தடவி அழுதாள். வன்னியபெருமாள் அவளை அழ விட்டார். சுடலைக்கண்ணன் மட்டும் அசையவில்லை. "உக்காரு மாப்ள. தண்ணி குடி" என்றார். பிறகு வந்த வேலை நடக்கட்டும் என்பதுபோல் எழுந்து நின்றார்.

செல்லத்தாய் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்து, மேலே பத்திரிகையை வைத்தாள். சுடலைக்கண்ணன் குனிந்து உறையைப் பார்த்தார்.

"பேரக் காணோம்" என்றார்.

செல்லத்தாய் வாய் திறக்கப் போனாள். வன்னியபெருமாள் முந்திக்கொண்டார். "மார்க்கு... போட்டிருக்கேன் அத்தான். பனை. உங்களுக்கு."

சுடலைக்கண்ணன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார். முன்னால் மூன்று பனை கரும்பச்சையாக, பின்னால் இரண்டு வெளிறித் தூரத்தில். நடுவில் ஒன்று இரட்டைக் கோடாக, சாய்ந்து விழுந்திருந்தது.

"இது மட்டும் என்ன சாஞ்சு நிக்கி?"

"கை நழுவிட்டு" என்றார் வன்னியபெருமாள். "எடுத்து... வைக்கலாம்னு பாத்தேன். வேண்டாம்னு... விட்டுட்டேன்."

சுடலைக்கண்ணன் நேராக நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

வன்னியபெருமாள் இடக்கையால் தட்டைத் தாங்கி, வலக்கையை அதன் அடியில் கொண்டுபோக முயன்றார். கை பாதியில் நின்றது. மறுபடி தூக்கினார்; தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பாக்கு உருண்டு தரையில் விழுந்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பார்க்கச் சகிக்காமல் செல்லத்தாய் தட்டைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"நீ சும்மா இரு தங்கச்சி" என்றார் சுடலைக்கண்ணன். குரலில் அதே கண்டிப்புதான். "அவன் தரட்டும். எனக்கு என்ன அவசரம்? கடையச் சாத்திட்டுத்தான் நிக்கேன்."

நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. அறுபத்தெட்டு வயசு மனுஷர், தோள் வலிக்காமல் இருந்திருக்காது. அக்காள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தெருவில் ஒரு மினி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் அப்படியே நின்றார். வன்னியபெருமாள் முஷ்டியை மெல்ல விரித்து, தட்டின் விளிம்பைப் பிடித்து, இரண்டு கையாலும் முன்னால் தள்ளினார்.

"அத்தான்... அக்கா... பானு கல்யாணத்துக்கு... முன்னக்கூடியே வந்து... நீங்கதான்... நடத்திக் குடுக்கணும்."

முழுசாகச் சொன்னார். ஒரு வார்த்தை விடவில்லை.

சுடலைக்கண்ணன் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஊருக்குள்ள எல்லாரும் வாட்ஸ்அப்புல தட்டி விடுதானுவ" என்றார். "முறையா வச்சவன் நீ ஒருத்தன்தான்ல." பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இந்தத் தெருவுல உனக்கு எத்தன வீடு மாப்ள?" என்று கேட்டார்.

"ஒம்பது" என்றார் வன்னியபெருமாள்.

"வா. நான் கூட வந்து நிக்கேன். நின்னு வாங்கத் தெரியாத பய எவனும் இருந்தா நான் பேசிக்கிடுதேன்."

செல்லத்தாய் தரையில் உருண்ட பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் மறைத்ததால் அது லேசில் கையில் சிக்கவில்லை. மதினியைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்து, பத்திரிகைப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் இரண்டு பேரையும் காணவில்லை. எட்டிப் பார்த்தால், காலை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணனோடு மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்று, "ஏளா செல்லத்தாயி, வாரியா இல்லியா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.